மந்தையோடு வாழ்பவர்களுக்கு நோய் எந்த வழியாக வருகிறது?

2006ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் கென்யாவின் வடகிழக்கில் மழை கொட்டித் தீர்த்தது. கரிசா வட்டாரம் வருஷத்தின் பெரும்பகுதி காய்ந்து கிடக்கும் பூமி. தட்டையான தரை, தண்ணீரை எளிதில் உறிஞ்சாத மண். பெய்த மழை வடிய வழியில்லாமல் வாரக்கணக்கில் தேங்கி நின்றது. அப்புறம் கொசு வந்தது. அப்புறம் செம்மறிகளும் வெள்ளாடுகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கருக்கலைந்து குட்டி வீசத் தொடங்கின. டிசம்பரில் மனிதர்களுக்குக் காய்ச்சல் கண்டது. சிலருக்கு மூக்கிலும் ஈறிலும் ரத்தம் கசிந்தது. ரத்தத்தைப் பரிசோதித்துப் பார்த்து, இது கொசுவாலும் நோயுற்ற கால்நடையாலும் மனிதருக்கு வரும் வைரஸ் நோயான ரிஃப்ட் பள்ளத்தாக்குக் காய்ச்சல் என்று உறுதி செய்தார்கள். அது அடங்குவதற்குள் கென்யாவில் மட்டும் ஏறக்குறைய 700 பேருக்கு நோய் பதிவானது. 150 பேருக்கு மேல் இறந்துபோனார்கள்.

அந்த வட்டாரத்தில் எல்லார் தலையிலும் பெய்தது அதே மழை. கடித்ததும் அதே கொசு. ஆனால் எல்லாரும் படுக்கையில் விழவில்லை. விழுந்தவர்களிலும் பெரும்பாலானவர்களுக்குச் சாதாரணக் காய்ச்சலோடு போய்விட்டது. சிலருக்குத்தான் உயிருக்கு ஆபத்தானது. அப்படியானால் யாருக்கு வந்தது, யாருக்கு முற்றியது, ஏன்?

இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போகும் ஆய்வாளர்கள் தேடுவதைத்தான் 'ஆபத்துக் காரணி' என்கிறோம். செய்திகளில் அடிக்கடி அடிபடும் சொல், ஆனால் பெரும்பாலும் தப்பாகவே புரிந்துகொள்ளப்படுகிறது. கிழக்கு ஆப்பிரிக்காவில் ஆடு, மாடு, ஒட்டகத்தோடு வாழும் மக்களை வைத்து அதைப் பார்க்கலாம். சோமாலி, போரானா, துர்கானா, மாசாய் என்று அங்கே பல சமூகங்கள். வறண்ட நிலத்தில் மழை எங்கே பெய்கிறதோ அந்தப் பக்கம் மந்தையை ஓட்டிப் போவதுதான் அவர்களுடைய பிழைப்பு.

கணக்கு எப்படிப் போடுகிறார்கள்

நோயை உண்டாக்குவது கிருமி. ஆபத்துக் காரணி என்பது அந்தக் கிருமி உங்களை வந்து எட்டும் வாய்ப்பையோ, எட்டிய பிறகு நோய் முற்றும் வாய்ப்பையோ கூட்டுகிற ஏதோ ஒன்று. செய்கிற வேலையாக இருக்கலாம், குடிக்கிற பாலாக இருக்கலாம், படுக்கிற இடமாக இருக்கலாம். அது இருப்பதாலேயே நோய் வந்துவிடாது. அது இல்லாதவருக்கும் நோய் வரலாம்.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். நோய் வந்த 100 பேர், வராத 100 பேர். எல்லாரிடமும் ஒரே கேள்வி: "கருக்கலைந்து விழுந்த குட்டியைக் கையால் தொட்டீர்களா?" நோய் வந்தவர்களில் 40 பேர் ஆம் என்கிறார்கள், 60 பேர் இல்லை என்கிறார்கள். வராதவர்களில் 15 பேர் ஆம், 85 பேர் இல்லை. 40ஐ 60ஆல் வகுத்தால் 0.67. 15ஐ 85ஆல் வகுத்தால் 0.18. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் ஏறத்தாழ 3.8. இதை வாய்ப்பு விகிதம் என்பார்கள். ஒன்றுக்கு மேலே எவ்வளவு போகிறதோ, அந்த அளவுக்கு அந்தச் செயலுக்கும் நோய்க்கும் நெருக்கம் இருக்கிறது என்று பொருள்.

2007இல் கென்யாவில் இதே முறையில் விசாரித்தபோது மூன்று விஷயங்கள் மேலே வந்தன. நோயுற்ற விலங்கின் இறைச்சி, பால் போன்றவற்றைக் கையாண்டவர்களிடமும் உண்டவர்களிடமும் நோய் கூடுதலாக இருந்தது. மந்தை மேய்ப்பவர்களிடமும் அப்படியே. கருக்கலைந்த குட்டியைத் தொட்டவர்களிடம் நோய் முற்றிப்போவது கிட்டத்தட்ட நான்கு மடங்கு வாய்ப்போடு காணப்பட்டது.

இங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். காய்ச்சாத பாலைக் குடிப்பவர் பெரும்பாலும் மந்தையை மேய்ப்பவரும்கூட. அவரே ஆட்டுப்பட்டி பக்கத்தில் படுப்பவர், அவரே மருத்துவமனைக்கு வெகுதூரத்தில் இருப்பவர். பாலும் நோயும் சேர்ந்து வருகின்றன என்பதால் பால்தான் குற்றவாளி என்று முடிவு கட்ட முடியாது. அதனால் ஆய்வாளர்கள் ஒரே சமயத்தில் பல காரணிகளைக் கணக்கில் எடுத்து, மற்றவை சமமாக இருந்தால் இது மட்டும் எவ்வளவு இழுக்கிறது என்று பிரித்துப் பார்க்கிறார்கள். அப்படிப் பிரித்த பிறகும் கேள்வித்தாளின் சொற்கள் காலை வாரிவிடும். மேலே சொன்ன ஆய்வில் 'உண்டவர்', 'கையாண்டவர்' இரண்டும் ஒரே கட்டத்துக்குள் இருப்பதைக் கவனியுங்கள். நன்றாக வேகவைத்த கறியில் இந்த வைரஸ் பிழைக்காது. ஆனால் அதே கறியை அறுத்தவரின் கையெல்லாம் பச்சை ரத்தம். சாப்பிட்டவரையும் அறுத்தவரையும் ஒரே கட்டத்தில் போட்டால், 'கறி சாப்பிடாதே' என்ற அறிவுரை பிறக்கும். உண்மையான ஆபத்து கத்தி பிடித்த கையில் இருக்கிறது.

பட்டிக்குள் ஓர் இரவு

ஒரு வெள்ளாடு குட்டி போடத் திணறுகிறது. தலை வெளியே தெரிகிறது, ஒரு முன்னங்கால் உள்ளே மடங்கிக் கிடக்கிறது. வீட்டுப் பெண்ணோ மேய்க்கிற பையனோ கையை உள்ளே விட்டு, மடங்கிய காலை நிமிர்த்தி, மெல்ல இழுக்க வேண்டும். கையுறை கிடையாது. முழங்கை வரை பனிக்குட நீரும் ரத்தமும். குட்டியின் மூக்கையும் வாயையும் துடைத்து மூச்சுவிடச் செய்வார்கள். கொஞ்ச நேரத்தில் நஞ்சுக்கொடி விழும். அதைத் தூக்கி நாய்க்குப் போடுவார்கள், அல்லது பட்டிக்கு வெளியே எறிவார்கள். கை கழுவத் தண்ணீர்? குடிக்கிற தண்ணீரே கிணற்றிலிருந்து கழுதை முதுகில் வந்தது. மணலில் கையைத் தேய்த்துவிட்டுப் படுத்துக்கொள்வார்கள். குளிர் இரவென்றால் பிறந்த குட்டியும் குடிசைக்குள்ளேயே, பிள்ளைகளுக்குப் பக்கத்தில்.

இந்த அரை மணி நேரத்துக்குள் மூன்று நோய்களுக்காவது வாசல் திறந்திருக்கிறது. ரிஃப்ட் பள்ளத்தாக்குக் காய்ச்சல் வைரஸ் கலைந்த கருவிலும் அதன் நீரிலும் ஏராளமாக இருக்கும். கன்று வீச்சு நோய் என்று நம் கால்நடை மருத்துவர்கள் சொல்கிற புரூசெல்லா பாக்டீரியா நஞ்சுக்கொடியில் குவிந்திருக்கும். தோலில் சின்னக் கீறல் இருந்தாலே போதும். கியூ காய்ச்சலை உண்டாக்கும் கிருமி இன்னும் மோசம். அது காய்ந்து தூசியோடு கலந்து காற்றில் போகும். பட்டிக்குள் காலே வைக்காதவர்களையும் பிடிக்கும்.

சரி, அந்தப் பெண் ஏன் கையை விட்டாள்? விடாவிட்டால் ஆடும் சாகும், குட்டியும் சாகும். அவளுக்கு அந்த ஆடு பிள்ளைகளின் பால், அவசரத்துக்கு விற்கிற பணம். 'விழிப்புணர்வு இல்லாமை' என்று அறிக்கைகளில் எழுதிவிடுவது சுலபம். எனக்கு அந்தச் சொல்லே பிடிக்காது. பெரும்பாலான ஆபத்துக் காரணிகளுக்குப் பின்னால் ஒரு நியாயமான கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கைப் படிக்காமல் காரணியை மட்டும் பட்டியல் போட்டால் கையில் ஒன்றும் தேறாது.

சோமாலிகள் முஸ்லிம்கள். தானாகச் செத்த விலங்கின் கறி அவர்களுக்கு விலக்கு. ஆகவே நோயில் சாயும் ஆடு உயிரை விடுவதற்குள் அறுத்தால்தான் உண்டு, இல்லாவிட்டால் முழு நஷ்டம். வெள்ளத்தில் சாலை துண்டிக்கப்பட்டு, கடையில் மாவுகூட இல்லாத வாரங்களில் இந்தக் கணக்கு இன்னும் அழுத்தும். ஆட்டின் ரத்தத்தில் வைரஸ் உச்சத்தில் இருக்கும் நேரமும் அதுதான். வடதான்சானியாவின் மாசாய் பகுதிகளில் கதை வேறு மாதிரி. அங்கே செத்துக் கிடக்கும் மாட்டை அறுத்துப் பங்குபோடுவது உண்டு. அது அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயில் செத்த மாடாக இருந்தால், அறுத்த கைகளில் கொப்புளம் கிளம்பிக் கறுத்துப் பொருக்காகும். திறந்த உடலிலிருந்து கொட்டும் ரத்தத்தில் உள்ள கிருமி வித்துகளாக மாறி மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும். கோடையில் புல் குட்டையாகி மாடுகள் மண்ணோடு சேர்த்து மேயும்போது மறுபடி கிளம்பும். இரண்டு வழக்கங்களில் எது மேல் என்று கேட்பதில் பயனில்லை. ஒரு மாட்டை அப்படியே புதைத்துவிடு என்று ஏழைக் குடும்பத்திடம் சொல்பவர், அந்த மாட்டின் விலைக்கு என்ன வழி என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

யார் எந்த வேலையைச் செய்கிறார்கள் என்பதும் காரணிதான். கறவை, பால் சேகரிப்பு, குட்டிகளைப் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் பெண்கள் கையிலும் பிள்ளைகள் கையிலும். அறுப்பது, தூர மேய்ச்சலுக்கு ஓட்டிப்போவது பெரும்பாலும் ஆண்கள். அதனால் ஆண் பெண் வேறுபாடு ஆய்வு அட்டவணையில் தெரிந்தால், உடல்வாகை யோசிப்பதற்கு முன்னால் வேலைப் பங்கீட்டைப் பார்க்க வேண்டும்.

பால்

நம் வீடுகளில் பால் என்றால் முதலில் அடுப்பு. காபிக்கும் டீக்கும் காய்ச்சித்தான் ஆக வேண்டும் என்பதால், யாரும் சுகாதாரப் பாடம் எடுக்காமலே பல கிருமிகளிடமிருந்து தப்பித்துக்கொண்டிருக்கிறோம். வடகென்யாவில் ஒட்டகப் பாலைக் காய்ச்சாமல் குடிப்பது வழக்கம். காய்ச்சினால் சத்தும் ருசியும் போய்விடும் என்பது அவர்கள் எண்ணம். அதோடு விறகும் தேட வேண்டும். பால் வைக்கும் பாத்திரத்துக்குள் மணமுள்ள மரத்தின் கொள்ளியை வைத்துப் புகை பிடிப்பார்கள். பால் சீக்கிரம் கெடாது, புகை வாசமும் ஏறும். நல்ல உத்திதான். ஆனால் புரூசெல்லாவைக் கொல்ல அதை நம்ப முடியாது.

கென்யாவின் மூன்று மாவட்டங்களில் மனிதர்களின் ரத்தத்தையும் கால்நடைகளின் ரத்தத்தையும் சேர்த்துச் சோதித்த ஓர் ஆய்வில் வேறுபாடு பளிச்சென்று தெரிந்தது. நைரோபியை ஒட்டிய கியாம்பு, வீட்டுக்கு இரண்டு மூன்று மாடு கட்டி வைத்து வளர்க்கும் இடம். அங்கே புரூசெல்லா தொற்றின் தடயம் நூறில் இரண்டு மூன்று பேரிடம்தான். வடக்கே மேய்ச்சல் நிலமான மார்சபிட்டில் கிட்டத்தட்ட பாதிப் பேரிடம். காய்ச்சாத பாலை வழக்கமாகக் குடிப்பது, வெள்ளாடுகளோடு புழங்குவது, தோல் உரித்துக் கையாள்வது ஆகியவை தனித்தனியே காரணிகளாக நின்றன. இன்னொன்று: வீட்டு மந்தையில் ஒரு விலங்குக்காவது தொற்று இருந்தால் அந்த வீட்டு மனிதர்களுக்கும் இருக்கும் வாய்ப்பு பல மடங்கு. கேட்டால் இதிலென்ன அதிசயம் என்று தோன்றும். ஆனால் மனித மருத்துவர் மனிதரை மட்டும், கால்நடை மருத்துவர் மாட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இந்த எண் வெளியே வந்தே இருக்காது.

இப்போது பால் பட்டியோடு நிற்பதில்லை. வடகென்யாவின் இசியோலோவில் பெண்கள் கூட்டுறவாகச் சேர்ந்து ஒட்டகப் பாலைச் சேகரித்து, கேன்களில் பேருந்து ஏற்றி நைரோபியின் ஈஸ்ட்லீ சந்தைக்கு அனுப்புகிறார்கள். பல பட்டிகளின் பால் ஒரே கேனில் கலக்கிறது. ஒரு பட்டியின் தொற்று நகரத்துக் கோப்பை வரை போக வழி உண்டு. அதே சமயம் எல்லாப் பாலும் ஓரிடத்தில் கூடுவதால், ஆயிரம் குடிசைகளில் அறிவுரை சொல்வதற்குப் பதில் அந்த ஓரிடத்தில் சூடுபடுத்தினால் போதும். இதை வெறும் ஆபத்தாக மட்டும் எழுதுபவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள் என்பேன்.

நாயும் குழந்தையும்

ஒரு கிருமி, இரண்டு சமூகம், இரண்டு விளைவு என்பதற்கு துர்கானாவைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. நாயின் குடலில் வாழும் சின்ன நாடாப்புழு ஒன்று உண்டு. அதன் முட்டை நாயின் மலத்தோடு வெளியேறி, புல்லோடு ஆட்டின் வயிற்றுக்குள் போகும். அங்கே ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டியாக வளரும். ஆட்டை அறுக்கும்போது அந்தக் கட்டி விழுந்த உறுப்பை நாய்க்குப் போட்டால் சுற்று முடிந்தது. இந்தச் சுற்றில் மனிதனுக்கு வேலையே இல்லை. ஆனால் முட்டை தவறி மனித வாய்க்குள் போனால், மனித ஈரலிலும் அதே கட்டி பல வருஷங்கள் மெதுவாக ஊதிப் பெரிதாகும்.

கென்யாவின் வடமேற்கு மூலையில் உள்ள துர்கானா, இந்த நோய் உலகிலேயே மிக அதிகமாகப் பதிவான இடங்களில் ஒன்று. கடும் வறட்சி, துணி கழுவவும் தண்ணீர் இல்லை. குழந்தை மலம் கழித்தாலோ வாந்தி எடுத்தாலோ நாய் நக்கிச் சுத்தம் செய்யும். அதற்கென்றே நாயைக் குழந்தையோடு பழக்குவார்கள். பாத்திரத்தையும் நாயே நக்கும். வீட்டைவிட்டு அதிகம் போகாத பெண்களிடம் நோய் கூடுதலாகக் காணப்பட்டதற்கும் இந்த நெருக்கத்தையே காரணமாகச் சொல்கிறார்கள். தெற்கே மாசாய்களும் நாய் வளர்க்கிறார்கள், அவர்களுடைய ஆடு மாடுகளிலும் இந்தக் கட்டி உண்டு. ஆனால் நாயைக் குழந்தையோடு இந்த அளவுக்கு ஒட்டவிடும் வழக்கம் அங்கே இல்லை. மனிதர்களிடம் நோயும் மிகக் குறைவு. புழுவின் வகைகளிலும் இடத்துக்கு இடம் வேறுபாடு உண்டு என்பதால் எல்லாவற்றையும் நாய் தலையிலேயே கட்டக் கூடாது. இருந்தாலும் பெரும்பங்கு அதற்குத்தான்.

1980களில் ஆய்வாளர்கள் கையில் தூக்கிப்போகக்கூடிய அல்ட்ராசவுண்ட் கருவியைத் துர்கானா முகாம்களுக்கே கொண்டுபோய், வரிசையாக வயிற்றை ஸ்கேன் செய்தார்கள். ரத்தப் பரிசோதனையைவிட அது நன்றாகவே கண்டுபிடித்தது. நாய்களுக்கு ஆறு வாரத்துக்கு ஒருமுறை பூச்சி மருந்து கொடுப்பதும் தொடங்கியது. மருந்து வேலை செய்யும். ஆனால் இடம் பெயரும் குடும்பத்தின் நாயை ஆறு வாரத்துக்கு ஒருமுறை எங்கே போய்த் தேடுவது?

நகரும் மந்தை

நகர்வதே ஆபத்து, ஓரிடத்தில் குடியேற்றினால் நோய் போய்விடும் என்று அதிகாரிகள் நினைப்பது உண்டு. மந்தை நகர்வதால் கிருமியும் நகரும் என்பது மெய்தான். வறட்சியில் நான்கு திசை மந்தைகளும் ஒரே கிணற்றடியில் கூடும்போது கலப்பு நடக்கும். பெண்ணுக்குக் கொடுக்கும் பரிசத்தோடு மாடு கைமாறும். பஞ்சத்தில் எல்லாம் இழந்தவனுக்கு உறவுக்காரர்கள் ஆளுக்கொரு ஆடு கொடுத்து மந்தையை மறுபடி கட்டிக்கொடுப்பார்கள். அந்த ஆடுகளில் ஒன்று புரூசெல்லாவைச் சுமந்து வரலாம். அந்த வழக்கத்தை நிறுத்தச் சொன்னால், சமூகத்துக்கு இருக்கிற ஒரே காப்பீட்டை ரத்து செய்யச் சொல்வதாகும். இன்னொரு பக்கம், நோய் கிளம்பிய இடத்தை விட்டு விலகிப் போவதும், சாணமும் ஒட்டுண்ணியும் மண்டிய பழைய பட்டியைக் கைவிட்டுப் புதுப் பட்டி போடுவதும் காலகாலமாக அவர்களைக் காத்த உத்திகள். குழாய்க் கிணறு போட்ட ஊரைச் சுற்றி நிரந்தரமாகத் தங்கினால் அதே தரை, அதே சாணம், அதே நாய்கள் வருஷம் முழுக்க.

பட்டி, கிணற்றடி எல்லாவற்றுக்கும் மேலே நிலமும் வானிலையும் இருக்கின்றன. ரிஃப்ட் பள்ளத்தாக்குக் காய்ச்சல் முதன்முதலில் இனங்காணப்பட்டது கென்யாவின் நைவாஷா ஏரிக்கு அருகே ஓர் ஆட்டுப்பண்ணையில். 1931இல் அதை விவரித்து எழுதினார்கள். அதைச் சுமக்கும் ஏடிஸ் வகைக் கொசுக்கள் பள்ளங்களின் ஓரத்து ஈர மண்ணில் முட்டையிடுகின்றன. தாய்க் கொசுவிடமிருந்து வைரஸ் முட்டைக்குள்ளேயே போய்விடும். முட்டை காய்ந்த மண்ணில் வருஷக்கணக்கில் உயிரோடு கிடக்கும். பள்ளம் நிரம்பினால் பொரிந்து, பிறக்கும்போதே கிருமியோடு பறக்கும். 1997–98இல் எல் நினோ மழைக்குப் பிறகு கென்யாவிலும் சோமாலியாவிலும் பெரிய கொள்ளைநோய். 2006இல் மறுபடி. 2018இல் மழைக்குப் பின் வடகிழக்குக் கென்யாவின் வாஜிரில். 2000இல் இந்த நோய் செங்கடலைத் தாண்டி சவூதி அரேபியாவிலும் ஏமனிலும் தலைகாட்டியது. ஆப்பிரிக்காவுக்கு வெளியே அதுதான் முதல் முறை.

2006இல் கடல் வெப்பத்தையும் மழையையும் செயற்கைக்கோள் படங்களில் பார்த்து, நோய் உறுதியாவதற்குப் பல வாரம் முன்பே நாசா ஆய்வாளர்கள் எச்சரித்தார்கள். அதைவிட எனக்குப் பிடித்தது மேய்ப்பர்கள் சொன்னது. கொள்ளைநோய் முடிந்தபின் போய் விசாரித்தபோது, சோமாலி மேய்ப்பர்கள் வரிசையைத் துல்லியமாகச் சொன்னார்கள்: கனமழை தொடங்கிச் சுமார் மூன்று வாரத்தில் கொசுப்படை, அதிலிருந்து இரண்டரை வாரத்தில் ஆடுகளுக்கு நோய், இன்னொரு இரண்டரை வாரத்தில் மனிதர்களுக்கு. மூக்கில் ரத்தம், கூட்டமாகக் கருக்கலைவு என்று அறிகுறிகளும் அவர்களுக்குத் தெரிந்தே இருந்தன. மருத்துவமனையில் முதல் நோயாளி படுக்கும்போது பட்டிகளில் சேதி பழசாகிவிட்டிருந்தது. கேட்க ஆள்தான் இல்லை.

மருந்துக்கும் மனிதருக்கும் உள்ள தூரம்

மருத்துவமனை எவ்வளவு தொலைவு என்பது நோய் முற்றுவதற்கான காரணி. புரூசெல்லா தொற்று விட்டுவிட்டு வரும் காய்ச்சல், மூட்டுவலி, இரவு வியர்வை என்று இழுத்தடிக்கும். மலேரியா என்றோ டைபாய்டு என்றோ நினைத்து மருந்து கொடுத்து அனுப்பிவிடுவார்கள். சரியாகக் கண்டுபிடித்தாலும் இரண்டு மருந்துகள், ஆறு வாரம். மூன்றாம் வாரம் முகாமே கிளம்பிப் போயிருக்கும்.

மேற்கே சாட் நாட்டில் நடந்ததை இங்கே சொல்லாமல் விட முடியாது. நாடோடி மேய்ச்சல் முகாம்களில் ஆய்வுக் குழு விசாரித்தபோது, கால்நடைத் துறையின் ஊசி மாடுகளுக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருந்தது. அதே முகாம்களில் எல்லாத் தடுப்பூசியும் முழுமையாகப் போட்ட குழந்தை ஒன்றுகூட இல்லை. கால்நடை மருத்துவர் வண்டி வருகிறது, மனித மருத்துவர் வண்டி வருவதில்லை. அதற்குப் பிறகு இரண்டு குழுக்களையும் ஒரே வண்டியில் ஏற்றி அனுப்பிப் பார்த்தார்கள். குளிர்பெட்டியும் எரிபொருளும் பொது. செலவு குறைந்தது. மாட்டுக்கு ஊசி போட வரும் நாளில் எல்லாரும் ஓரிடத்தில் கூடுவதால் பிள்ளைகளும் தாய்மாரும் எளிதாகக் கிடைத்தார்கள். மனித நலத்தையும் விலங்கு நலத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும், 'ஒரே ஆரோக்கியம்' என்று மாநாடுகளில் பேசுவதை அந்த வண்டி செய்து காட்டியது.

இதெல்லாம் ஏழை நாட்டு நாடோடிகளின் பிரச்சினை என்று யாராவது நினைத்தால், நெதர்லாந்து பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். 2007 முதல் 2010 வரை அங்கே 4,000 பேருக்கு மேல் கியூ காய்ச்சல் வந்தது. நவீனப் பால்பண்ணைகள், ஆயிரக்கணக்கான வெள்ளாடுகள் நெருக்கமாக ஒரே கொட்டகையில், கூட்டமாகக் கருக்கலைவு, காற்றில் பறந்த தூசி, பக்கத்திலேயே ஊர். கடைசியில் 50,000க்கும் மேற்பட்ட ஆடுகளைக் கொன்றார்கள். பண்ணைக்கு அருகே வசிப்பதே அங்கே பெரிய ஆபத்துக் காரணி.

கரிசாவுக்குத் திரும்பினால், ஒரு முடிச்சு இன்னும் அவிழவில்லை. ரிஃப்ட் பள்ளத்தாக்குக் காய்ச்சலுக்கு ஆடு மாடுகளுக்குப் போடும் தடுப்பூசி உண்டு. பொதுமக்களுக்குப் போட அனுமதி பெற்ற தடுப்பூசி இன்னும் இல்லை. விலங்குக்குப் போட்டால் மனிதருக்கு வருவது குறையும். ஆனால் நோய் கிளம்பிய பிறகு அவசரமாகப் போட்டால் ஒரே ஊசியை ஆடு மாற்றி ஆடு குத்துவதிலேயே வைரஸ் பரவக்கூடும். பழைய உயிர்த் தடுப்பூசி சினை ஆடுகளுக்குக் கருச்சிதைவையும் உண்டாக்கும். எனவே மழைக்கு முன்பே, நோய் இல்லாத காலத்தில் போட வேண்டும். ஒரு கொள்ளைநோய்க்கும் அடுத்ததற்கும் நடுவே பத்து வருஷம்கூடப் போகலாம். தடுப்பூசியோ கெடுதேதி உள்ள சரக்கு. நோயே இல்லாத வருஷத்தில், வறட்சியில் மெலிந்த மந்தைக்கு ஊசி போட எந்தத் துறை பணம் ஒதுக்கும், எந்த மேய்ப்பர் தன் சினை ஆட்டைப் பிடித்துக் கொடுப்பார் என்பதுதான் இன்றைக்கும் வடகென்யாவில் பேசித் தீராத விவகாரம். ஒரு வழி என்று இப்போது பேசப்படுவது, எல் நினோ முன்னறிவிப்பு வந்த உடனேயே, பள்ளங்களில் தண்ணீர் தேங்கும் வட்டாரங்களுக்கு மட்டும் சரக்கை அனுப்பி வைப்பது. அதற்குக் கிடைப்பது சில மாத அவகாசம். முன்னறிவிப்பு பொய்த்தால் வாங்கிய மருந்து வீண்.